'சான்றோர்' என்ற ஒரு சொல்லை வைத்து சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனுக்கு ஒரு விமர்சனம்

தமிழில் எழுதுகிறவர், பள்ளியில் தமிழ் நடத்துகிறவர், மேடை ஏறிப் பேசுகிறவர் யாராக இருந்தாலும், கையில் ஒரே ஒரு அகராதிதான் வைத்துக்கொள்ளலாம் என்று வந்தால் நான் சொல்வது சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனைத்தான். சிகாகோ பல்கலைக்கழகம் நடத்துகிற தெற்காசிய அகராதித் தளத்தில் அது முழுசாகக் கிடைக்கிறது. காசு கிடையாது, பதிவு செய்து உள்ளே போக வேண்டிய வேலையும் இல்லை, தமிழ் எழுத்திலேயே தட்டித் தேடலாம். நான் ஒரு சின்னப் பதிப்பகத்துக்குப் பிழை திருத்திக் கொடுக்கிறவன், அதனால் இந்தப் பக்கம் என் கணினியில் நாள் முழுக்கத் திறந்தே இருக்கும். பலர் இதைத் திறக்கிறார்கள், முதல் வரியைப் பார்க்கிறார்கள், மூடிவிடுகிறார்கள். அந்த முதல் வரிக்குக் கீழே இருப்பதுதான் இந்த அகராதியின் உயிரே. அதைச் சொல்லத்தான் இந்த விமர்சனம்.

ஒரு லட்சம் சொல்லுக்கு மேல் இருக்கிற நூலை அட்டை முதல் அட்டை வரை படித்து விமர்சனம் எழுத முடியாது, ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு அது எவ்வளவு தூரம் கூட்டிக்கொண்டு போகிறது என்று பார்ப்பதுதான் சரியான வழி. நான் எடுத்துக்கொண்டது 'சான்றோர்'. ஊரில் எந்த விழா அழைப்பிதழை எடுத்தாலும் 'ஆன்றோரே, சான்றோரே' இருக்கும், பட்டிமன்றம் ஆரம்பிக்கும்போது இருக்கும், பள்ளி ஆண்டு விழாவில் தலைமையாசிரியர் வாயில் இருக்கும். என்ன பொருள் என்று கேட்டால் படித்தவர்கள், பெரியவர்கள் என்பார்கள். தப்பில்லை. ஆனால் அந்தச் சொல் வந்த பாதையில் அது பாதிகூட இல்லை.

அகராதியைப் பற்றி முதலில் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1913-இல் வேலை தொடங்கியது. முதல் பதிப்பாசிரியர் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த சாண்ட்லர், 1926-இலிருந்து எஸ். வையாபுரிப்பிள்ளை. தலைமைத் தமிழ்ப் பண்டிதராக இருந்தவர் மு. இராகவையங்கார். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகள் வந்தன, பிறகு ஒரு பிற்சேர்க்கை. எல்லாம் சேர்த்தால் 1,17,000 சொற்களுக்கு மேல். 1862-இல் வந்த வின்சுலோ அகராதி 67,000 சொற்களைச் சேர்த்திருந்தது, அதை அடித்தளமாக வைத்துக்கொண்டுதான் இவர்கள் மேலே கட்டினார்கள். கணினி இல்லாத காலம், ஒவ்வொரு சொல்லையும் சீட்டில் எழுதி அடுக்கி வைத்த காலம், பல சங்க நூல்கள் அச்சுக்கு வந்தே ஒரு தலைமுறைகூட ஆகவில்லை. உ.வே. சாமிநாதையர் புறநானூற்றை 1894-இலும் பதிற்றுப்பத்தை 1904-இலும் பதிப்பித்தார். அந்தப் பதிப்புகள் கைக்கு வந்து இரண்டு மூன்று பத்தாண்டுகளுக்குள் அவற்றிலிருந்து சொற்களைப் பொறுக்கி மேற்கோளோடு அகராதியில் ஏற்றியிருக்கிறார்கள் என்றால் எவ்வளவு உழைப்பு என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, சொல்லுக்கு வருவோம். லெக்சிகனில் ஒரு பதிவு எப்படி இருக்கும் என்றால், முதலில் தமிழில் தலைச்சொல், பக்கத்தில் ரோமன் எழுத்தில் அதன் ஒலிப்பு, பெயரா வினையா என்ற குறிப்பு, பிறகு ஒரு சின்ன அம்புக்குறி போட்டு அது எதிலிருந்து வந்தது என்ற தகவல். அப்புறம் ஆங்கிலத்தில் பொருள், தமிழில் பொருள், கடைசியில் ஒரு மேற்கோள், அது எந்த நூலில் எத்தனையாவது பாட்டு என்று அடைப்புக்குறிக்குள். 'குறள்', 'புறநா.', 'பதிற்றுப்.', 'கம்பரா.' என்று நூல் பெயர்கள் சுருக்கமாக இருக்கும். இந்த அமைப்பு புரிந்துவிட்டால் போதும், மற்றதெல்லாம் தானாக வரும்.

சான்றோருக்கு அந்த அம்புக்குறி காட்டுவது 'சால்' என்ற வினையை. இங்கேதான் நான் முதலில் நிற்கச் சொல்வேன். சாலுதல் என்றால் நிறைதல், அமைதல், பொருந்துதல், மிகுதல். 'சாலச் சிறந்தது' என்கிறோமே அந்த 'சால', 'சால்பு', 'சான்றாண்மை' எல்லாம் ஒரே வேர். தெலுங்குக்காரர்கள் சாப்பாட்டில் கையைக் காட்டி 'சாலு' என்றால் போதும் என்று பொருள், நிறைந்துவிட்டது என்பதுதான் அங்கேயும். ஆக, சொல்லின் அடியில் படிப்பே இல்லை. நிறைந்தவர், அமைந்தவர், அவ்வளவுதான். எதனால் நிறைந்தவர் என்பதை அந்தந்தக் காலமும் அந்தந்தப் பாட்டும் சொல்லிக்கொண்டு போகின்றன.

இந்த வினையை நீங்கள் லெக்சிகனில் தேடும்போது ஒரு சங்கதி தெரிந்திருக்க வேண்டும். வினைச்சொற்கள் 'தல்' சேர்த்துத்தான் தலைச்சொல்லாக இருக்கும், நடுவில் கோடு போட்டு, லகர ஈறாக இருந்தால் அடைப்புக்குறிக்குள் 'லு' வைத்து. 'சான்ற', 'சான்று', 'சாலாது' என்று விகுதியோடு தட்டினால் வினைப் பதிவு வராது, அல்லது வேறு ஏதாவது வரும். சொல்லின் வேர் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும், அல்லது பக்கத்துச் சொற்களை மேய்ந்து பார்க்கும் பொறுமை வேண்டும். புதிதாக வருகிறவர்களை விரட்டுவது இதுதான்.

பொருளுக்கு வந்தால், பெரியோர், கற்றோர், மேலோர் ஆகிய மூன்றையும் ஆங்கிலத்தில் ஒன்றாக வைத்துத்தான் தொடங்குகிறது. மூன்றும் ஒன்றல்ல என்பது படிக்கிற எவருக்கும் தெரியும். கற்றோர் எல்லோரும் மேலோர் இல்லை, மேலோர் பலர் பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர்களாக இருப்பார்கள். அகராதி இதைத் தீர்த்து வைக்கவில்லை, தீர்க்கவும் முடியாது. ஆனால் எந்த நூலுக்குப் போனால் தீரும் என்று வழி காட்டுகிறது. அந்தச் சுருக்கக் குறிப்பைப் பிடித்துக்கொண்டு மூலத்துக்குப் போக வேண்டும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் சங்க நூல்களும் குறளும் உரையோடு இருக்கின்றன, பழந்தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றுகிற மதுரைத் திட்டத்தில் மூலப் பாடம் இருக்கிறது, இரண்டும் இலவசம். ஆக ஒரு தாவலில் லெக்சிகன், இன்னொரு தாவலில் நூல். இப்படிப் படிக்கத்தான் இந்த அகராதி.

குறளுக்குப் போவோம். சான்றாண்மைக்கு என்றே ஒரு அதிகாரம், 99-ஆவது. பத்துக் குறளையும் வரிசையாகப் படித்துப் பாருங்கள், கல்வி பற்றி ஒரு சொல் இருக்காது. 'அன்புநாண் ஒப்புரவு கண்ணோட்டம் வாய்மையொடு ஐந்துசால்பு ஊன்றிய தூண்' என்று ஐந்து தூணைச் சொல்கிறார், அதில் படிப்பு ஒரு தூண் இல்லை. பிறர் தீமையைச் சொல்லாதிருப்பது சால்பு என்கிறார். தனக்குச் சமமில்லாதவனிடமும் தோல்வியை ஒப்புக்கொள்வதுதான் அதற்கு உரைகல் என்கிறார், இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஒரு கணம் நின்று போகும். இப்போது திரும்பி, கல்வி அதிகாரத்துக்குப் போங்கள், 40-ஆவது. அங்கே கற்றோர் வருகிறார், கற்றறிந்தார் வருகிறார், புலவர் வருகிறார். சான்றோர் ஒரு இடத்திலும் இல்லை. வள்ளுவர் இரண்டையும் தனித்தனியாகத்தான் வைத்திருக்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது.

அப்படியானால் சான்றோர் எப்படிப் படித்தவர் ஆனார்? 'ஈன்ற பொழுதின் பெரிதுவக்கும் தன்மகனைச் சான்றோன் எனக்கேட்ட தாய்', 69-ஆவது குறள், தமிழ் படித்த எல்லோருக்கும் மனப்பாடம். இதற்கு உரை எழுதும்போது பரிமேலழகர் சான்றோன் என்பதைக் கல்வி கேள்விகளால் நிறைந்தவன் என்று விரிக்கிறார். 'நிறைந்தான்' என்பது சொல்லிலேயே இருக்கிறது, 'கல்வி கேள்விகளான்' என்பது அவர் சேர்த்தது. குறளை அவர் உரையோடு படித்த தலைமுறைகள் எத்தனையோ, அதனால் இந்தப் பொருள் நம் காதில் நன்றாகவே ஊறிவிட்டது. அவர் சேர்த்தது தப்பு என்று சொல்ல வரவில்லை, அந்தக் காலத்து வழக்கில் அப்படிப் பொருள் இருந்திருக்கும். ஆனால் அதே உரையில் 'கேட்ட தாய்' என்பதற்கு, பெண் தன் இயல்பால் தானாக அறியமாட்டாள், அதனால்தான் பிறர் சொல்லக் கேட்டாள் என்று ஒரு விளக்கமும் கொடுத்திருக்கிறாரே, அதை என்னால் ஏற்க முடியாது. அங்கே 'கேட்ட' என்ற சொல் இருப்பதற்கு எனக்கு வேறு காரணம் படுகிறது, கீழே சொல்கிறேன்.

அடுத்து புறநானூறு. படித்தவர் என்ற பொருளையே வைத்துக்கொண்டு 63-ஆவது பாட்டுக்குள் போனால் முட்டிக்கொள்வீர்கள். பரணர் பாடியது, சேரன் குடக்கோ நெடுஞ்சேரலாதனும் சோழன் வேற்பஃறடக்கைப் பெருவிறற்கிள்ளியும் மோதிக்கொண்டு இரண்டு பேரும் களத்திலேயே விழுந்த போர். யானைகள் அம்பு பட்டுச் சாய்ந்தன, குதிரைகள் வீரர்களோடு மாய்ந்தன, அப்புறம் வருகிறது: 'தேர்தர வந்த சான்றோர் எல்லாம் தோல்கண் மறைப்ப ஒருங்குமாய்ந் தனரே'. தேரில் வந்த சான்றோர் எல்லோரும் கேடயம் கண்ணை மறைக்க ஒன்றாகச் செத்துப்போனார்கள். தோல் என்றால் இங்கே கேடயம். இந்தச் சான்றோர் கையில் ஏடு இல்லை, வாள் இருக்கிறது. பதிற்றுப்பத்தில் 14-ஆவது பாட்டுக்குப் பெயரே 'சான்றோர் மெய்ம்மறை', சேர மன்னனைச் சான்றோருக்கு உடற்கவசம் போன்றவன் என்று அழைக்கிறது. பழைய உரைகாரர் அந்த இடத்தில் தெளிவாகவே சொல்லிவிடுகிறார், இங்கே சான்றோர் என்பது போரில் அமைதி உடைய வீரரை என்று. 'அமைதி' என்றால் நாம் இன்று சொல்கிற சமாதானம் இல்லை, அமைந்த தன்மை, நிறைவு. வேரிலிருந்து அவர் கொஞ்சமும் விலகவில்லை பாருங்கள். போரில் நிறைந்தவன் வீரன், கேள்வியில் நிறைந்தவன் அறிஞன், குணத்தில் நிறைந்தவன் பெரியவன். சொல் ஒன்றுதான், எதனால் நிறைந்தது என்பதுதான் மாறுகிறது.

இந்த இடத்தில் 'ஈன்று புறந்தருதல் என்தலைக் கடனே, சான்றோன் ஆக்குதல் தந்தைக்குக் கடனே' பற்றிப் பேசாமல் போக முடியாது. புறம் 312, பொன்முடியார் பாடியது, பாடியவர் ஒரு பெண். பள்ளி விழாக்களில் இந்த இரண்டு வரியை மட்டும் எடுத்து, பிள்ளையைப் படிக்க வைப்பது அப்பாவின் கடமை என்று முடித்துவிடுகிறார்கள். அடுத்த வரி என்ன? வேல் வடித்துக் கொடுப்பது கொல்லனுக்குக் கடமை. அடுத்து வேந்தனின் கடமை, நன்னடை, அதாவது நல்ல நடத்தை நல்குதல், தண்ணடை, அதாவது மருத நிலம் என்று பாடம் கொள்கிறவர்களும் உண்டு. கடைசியில், ஒளிறும் வாளோடு போருக்குள் புகுந்து களிற்றை வெட்டிச் சாய்த்துத் திரும்புவது காளைக்கு, அதாவது அந்த இளவீரனுக்குக் கடமை. முழுப்பாட்டையும் படித்தால் அந்தப் பையனை எதற்குத் தயார் செய்கிறார்கள் என்று தெரிகிறது. புறநானூற்றுக்குக் கிடைத்திருக்கிற பழைய உரை 266-ஆவது பாட்டோடு நின்றுவிடுகிறது, அதனால் 312-க்கு அந்த உரைகாரர் என்ன சொல்லியிருப்பார் என்று பார்க்க வழியில்லை. குணத்தில் நிறைந்தவன் என்று கொள்கிற அறிஞர்களும் இருக்கிறார்கள், வீரன் என்று கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். வேலுக்கும் களிற்றுக்கும் நடுவில் நிற்கிற சொல் என்பதால் என் ஓட்டு வீரனுக்கு. நீங்கள் மாறுபடலாம், ஆனால் முழுப்பாட்டையும் படித்துவிட்டு மாறுபடுங்கள்.

சான்றோர் என்றாலே கைகூப்பிச் சொல்கிற சொல் என்றும் நினைக்க வேண்டாம். பூதப்பாண்டியன் இறந்தபோது அவன் மனைவி பெருங்கோப்பெண்டு தீயில் இறங்கப் போகிறாள், சபையில் இருந்த பெரியவர்கள் வேண்டாம் என்று தடுக்கிறார்கள். அவள் அவர்களைப் பார்த்துச் சொல்வது 'பல்சான் றீரே பல்சான் றீரே', சான்றோர்களே என்றுதான் விளிக்கிறாள். உடனே 'பொல்லாச் சூழ்ச்சிப் பல்சான் றீரே' என்கிறாள். போ என்று சொல்லாமல் போகாதே என்று தடுக்கிற கெட்ட யோசனை உடைய சான்றோர்களே என்கிறாள். இது புறம் 246. நரிவெரூஉத்தலையாரும் 195-இல் அதே விளியில்தான் ஆரம்பிக்கிறார், மீன் முள் போல நரைத்த முடி, திரைந்த கன்னம், பயனில்லாத முதுமை என்று அடுக்கிவிட்டு, 'நல்லது செய்தல் ஆற்றீர் ஆயினும் அல்லது செய்தல் ஓம்புமின்' என்று முடிவாகக் கேட்கிறார். நல்லது செய்ய முடியாவிட்டாலும் போகட்டும், கெட்டதையாவது செய்யாதீர்கள் என்று சான்றோரிடம் கெஞ்சவேண்டிய நிலைமை. ஒரு சமூகம் தன் பெரியவர்களுக்குக் கொடுத்த சொல்லை வைத்தே அவர்களைக் கேள்வியும் கேட்டிருக்கிறது. அழைப்பிதழில் வருகிற சான்றோரை மட்டும் பார்த்தவர்களுக்கு இது தெரிய வாய்ப்பே இல்லை.

வேரோடு விளையாடுகிற பாட்டும் ஒன்று உண்டு, அதைச் சொல்லாமல் விட மனசில்லை. வடக்கிருந்த, அதாவது உண்ணாமல் வடக்கு நோக்கி உட்கார்ந்து உயிர்விடத் துணிந்த கோப்பெருஞ்சோழனோடு பிசிராந்தையாரும் வந்து சேர்ந்தபோது கண்ணகனார் பாடியது, புறம் 218. பொன்னும் பவளமும் முத்தும் மணியும் எங்கெங்கோ பிறந்தாலும் ஒரு நகையில் வந்து சேர்ந்துவிடுகின்றன என்று ஆரம்பித்து, 'என்றும் சான்றோர் சான்றோர் பாலர் ஆப, சாலார் சாலார் பாலர் ஆகுபவே' என்று முடியும். சான்றோருக்கு எதிர்ச்சொல் என்ன என்று யாராவது கேட்டால் படிக்காதவர் என்று சொல்லிவிடாதீர்கள். சாலார். நிறையாதவர்.

இனி அதே லெக்சிகனில் பக்கத்துச் சொற்களையும் தேடிப் பார்த்தால்தான் இந்தச் சொல்லின் எல்லை தெரியும். பண்டிதர், வித்துவான், புலவர், அறிஞர். இவற்றில் பண்டிதர் தமிழ் மண்ணில் எடுத்த வழி தனி. வைத்தியரையும் பண்டிதர் என்று அழைத்தார்கள், பண்டுவம் என்றால் வைத்தியம். அயோத்திதாசப் பண்டிதர் சித்த மருத்துவர், தஞ்சாவூர் ஆபிரகாம் பண்டிதரும் சித்த மருத்துவர்தான், அவர் பிறகு இசை ஆராய்ச்சியில் இறங்கிக் கருணாமிர்த சாகரத்தை 1917-இல் வெளியிட்டார். இன்னொரு பக்கம் அது தேர்வு எழுதி வாங்குகிற பட்டம். பாண்டித்துரைத் தேவர் 1901-இல் நிறுவிய மதுரைத் தமிழ்ச் சங்கம் பண்டிதத் தேர்வு நடத்தியது, இலங்கையில் ஆரிய திராவிட பாஷாபிவிருத்திச் சங்கம் நடத்தியது, யாழ்ப்பாணத்தில் பண்டிதர் என்று பெயருக்கு முன்னால் வந்தால் இந்த மரபில் தேர்வு எழுதித் தேறியவர் என்று ஊருக்கே புரியும். வித்துவானும் புலவரும்கூட நம் பல்கலைக்கழகங்கள் கொடுத்த பட்டங்கள்தான். பழைய தமிழாசிரியர்கள் பலருடைய பெயர்ப்பலகையில் 'புலவர்' இருக்கும், அவர் ஒரு கவிதைகூட எழுதாதவராக இருக்கலாம். அதில் குறை ஒன்றும் இல்லை, குறளில் 'உவப்பத் தலைக்கூடி உள்ளப் பிரிதல் அனைத்தே புலவர் தொழில்' என்று வருவதும் கற்றவரைத்தான், பாட்டுக் கட்டுகிறவரை இல்லை.

இப்போது வித்தியாசத்தைப் பாருங்கள். பண்டிதர் என்று ஒருவர் தன் பெயருக்கு முன்னால் தானே போட்டுக்கொள்ளலாம், தேர்வு எழுதியிருக்கிறார், சான்றிதழ் இருக்கிறது. புலவர் என்றும் போட்டுக்கொள்ளலாம். 'சான்றோர்' என்று போட்டுக்கொள்ள முடியாது. அது அடுத்தவர் வாயிலிருந்து வரவேண்டிய சொல். 'சான்றோன் எனக் கேட்ட தாய்' என்று வள்ளுவர் எழுதியதற்குக் காரணம் இதுதான் என்று நான் நினைக்கிறேன். தாய்க்குத் தெரியாது என்பதால் இல்லை. தாய் சொன்னால் அது செல்லாது, ஊர் சொல்ல வேண்டும், அதை அவள் கேட்க வேண்டும்.

வேலையிலும் இது வரும். ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர் தன் ஆய்வு நூலின் பின்னட்டைக்குத் தானே எழுதிக் கொடுத்த குறிப்பில் 'மாவட்டம் அறிந்த தமிழ்ச் சான்றோர்' என்று இருந்தது. நல்ல மனிதர், நாற்பது வயது கடந்த மாணவர்கள் இன்னும் அவரைத் தேடி வருகிறார்கள். "ஐயா, குறிப்பை நீங்களே எழுதியது என்று படிக்கிறவர்களுக்குத் தெரிந்துவிடும், இந்த ஒரு சொல்லை மட்டும் மாற்றலாமா?" என்று போனில் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "சரி தம்பி, ஆசிரியர்னே போட்டுடுங்க, அது நான் செஞ்ச வேலை" என்றார். முன்னுரை எழுதித் தந்த அவருடைய பழைய மாணவரின் பக்கத்தில் அதே 'சான்றோர்' இருந்தது, அதில் கை வைக்கவில்லை. அங்கே அது சரியான இடத்தில் இருக்கிறது.

பிழை திருத்துகிற கண்ணோடு இன்னொன்று. 'சான்றோர்கள்' சரியா என்று அடிக்கடி கேட்கிறார்கள். 'ஓர்' என்பதிலேயே பன்மை இருக்கிறது, ஆகவே 'கள்' தேவையில்லை, கட்டுரையில் வந்தால் நான் எடுத்துவிடுவேன். மேடைப் பேச்சிலும் அழைப்பிதழிலும் 'ஆன்றோர்களே சான்றோர்களே' என்று வந்தால் விட்டுவிடலாம், அவர்கள் என்று நாம் சொல்லவில்லையா, அந்த வழக்குதான்.

இந்த அகராதிக்குக் குறைகள் உண்டு, அவற்றையும் சொல்லியாக வேண்டும். மேற்கோளுக்கு நூல் பெயர் கொடுப்பார்கள், காலம் கொடுக்கமாட்டார்கள். பதிற்றுப்பத்தில் ஒரு பொருள், பிற்காலப் பிரபந்தத்தில் ஒரு பொருள் என்று பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், எது முன்னே எது பின்னே என்று படிக்கிறவரே தெரிந்துகொள்ள வேண்டும். பொருள்களை அடுக்கிய வரிசையும் கால வரிசை இல்லை. அப்புறம் சொற்பிறப்பு. வடமொழி மூலம் காட்டுவதில் லெக்சிகன் தாராளமாக இருந்தது என்று தேவநேயப் பாவாணர் கடுமையாகச் சாடினார், அந்த ஆதங்கத்தின் தொடர்ச்சிதான் 1974-இல் தமிழக அரசு அவர் தலைமையில் தொடங்கிய சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டம். பாவாணர் சொன்ன எல்லா வேர்ச்சொல்லையும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை, ஆனால் லெக்சிகனின் அம்புக்குறிகளை அப்படியே நம்பிவிடக் கூடாது என்பதில் அவர் பக்கம்தான். சந்தேகம் வந்தால் அதே சிகாகோ தளத்தில் பர்ரோ, எமெனோ இருவரும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியும் இருக்கிறது, அதில் சால் என்ற வேருக்கு மற்றத் திராவிட மொழிகளில் உள்ள உறவுகளைப் பார்க்கலாம்.

முக்கியமான குறை, இது 1930-களோடு நின்றுவிட்ட அகராதி. இன்றைய வழக்கு இதில் கிடைக்காது. அதற்கு க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதிதான் வேண்டும். 1992-இல் முதல் பதிப்பு, 2008-இல் விரிவாக்கிய பதிப்பு, 2020-இல் மூன்றாவது. தமிழிலும் ஆங்கிலத்திலும் பொருள், கூடவே நாம் பேசுகிற எழுதுகிற மாதிரியே எடுத்துக்காட்டு வாக்கியம், பேச்சு வழக்கா உயர் வழக்கா என்ற குறிப்பு, இலங்கைத் தமிழ்ச் சொற்கள் தனிக் குறியோடு. மூன்றாம் பதிப்பு வந்த அதே மாதத்தில் அதன் பதிப்பாளர் க்ரியா ராமகிருஷ்ணன் காலமானார், அந்த வேலையை முடித்துக் கொடுத்துவிட்டுப் போனார் என்பதை நினைத்தால் இன்னும் நெஞ்சு கனக்கிறது. ஒரு சொல்லை இன்று எப்படி எழுதுவது என்பதற்கு க்ரியா, அந்தச் சொல் எங்கெல்லாம் போய் வந்தது என்பதற்கு லெக்சிகன். ஒன்றை வைத்துக்கொண்டு இன்னொன்றின் வேலையைச் செய்ய முடியாது. மாணவர்களுக்கு முதலில் வாங்கித் தரவேண்டியது க்ரியாதான், அதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. லெக்சிகன் அதற்கு அடுத்த படி. ஆனால் பாடம் நடத்துகிற ஆசிரியர் அந்த அடுத்த படியில் நின்றுகொண்டுதான் 69-ஆவது குறளை நடத்த வேண்டும்.

தளத்தைப் பயன்படுத்துகிறவர்களுக்குச் சில யோசனைகள். கைபேசியில் பார்ப்பதைவிடக் கணினியில் பார்ப்பது நல்லது, பதிவுகள் நெருக்கமாக இருக்கும், மேற்கோளையும் பொருளையும் பிரித்துப் பார்க்கப் பெரிய திரை வேண்டும். தேடும்போது விகுதிகளை நீக்கிவிட்டு அடிச்சொல்லைத் தட்டுங்கள், ஒருமைக்கும் பன்மைக்கும் தனித்தனிப் பதிவு இருக்கலாம் என்பதால் சான்றோன், சான்றோர், சான்றவர் மூன்றையும் பார்த்துவிடுங்கள். தலைச்சொல்லில் மட்டும் தேடாமல் பதிவின் உள்ளேயும் தேடுகிற வசதி இருக்கிறது, ஒரு ஆங்கிலச் சொல்லைக் கொடுத்து அதற்குத் தமிழில் எத்தனை பெயர் இருக்கிறது என்று பார்க்கும்போது இது கைகொடுக்கும், கற்றவரைக் குறிக்கிற சொற்கள் மட்டுமே எவ்வளவு என்று பார்த்தால் மலைத்துப்போவீர்கள். நூல் பெயர்ச் சுருக்கங்கள் முதலில் கண்ணைக் கட்டும், லெக்சிகன் முதல் தொகுதியின் முன்பகுதியில் இருக்கிற சுருக்கப் பட்டியலை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் சீக்கிரமே பழகிவிடும். 'திவா.', 'பிங்.' என்று மட்டும் மேற்கோள் இருந்தால் அது நிகண்டு, அதாவது செய்யுளில் அமைந்த பழைய சொற்பொருள் தொகுப்பு, அந்தப் பொருளில் யாராவது உண்மையிலேயே பாடியிருக்கிறார்களா என்று வேறு இடத்திலும் பார்த்துவிட்டு எடுத்தாளுங்கள். ஆங்கிலப் பொருளையும் தமிழ்ப் பொருளையும் சேர்த்தே படியுங்கள், இரண்டும் எல்லா இடத்திலும் ஒரே அளவு விரிவாக இருக்காது, ஒன்றில் விட்டது இன்னொன்றில் இருக்கும்.